வாங்க முடியாத வீட்டுக்குப் போட்ட கையெழுத்து

மெம்ஃபிஸ்,
மே 29, வியாழக்கிழமை

என் செல்ல மகன் க்வின்டனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் டானெட் சித்தியும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டு, விட்ட தூக்கத்தை அவ்வப்போது பிடித்துக்கொண்டு, விமான இரைச்சலில் காதுக்கு அடைப்பான் போட மறக்காமல் இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இது மூன்றாவது தாள். முதல் தாளில் வெயிலைப் பற்றி எழுதினேன், இரண்டாவதில் சித்தியின் முழங்காலைப் பற்றி எழுதினேன், இரண்டிலும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே தாள் தீர்ந்துவிட்டது, கிழித்துவிட்டேன். காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துணியைத் துவைக்கும் மெஷினில் போட்டுவிட்டு, போட்டதை மறந்து, மறுபடியும் சோப்புத் தூளைக் கொட்டி ஓடவிட்டிருக்கிறேன். நாளை மாலை ஐந்து மணிக்குள் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதில் உன் பணம் இருக்கிறது. உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்றால் நீ கடலில் இருக்கிறாய், போன் எடுக்காது, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கே இரண்டு வாரம் ஆகும். அதனால் கேட்பதாக நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

சித்தியின் முழங்கால் தேவலை, பள்ளிக்கூடச் சமையலறைக்கு மறுபடி வேலைக்குப் போகிறாள், அதை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். நம் தொழிலைப் பற்றி அவளுக்கு இன்னும் புரியவில்லை, அல்லது நன்றாகப் புரிந்துவிட்டது. போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வரும்போது மறுபடியும் விளக்கினேன். ஒருவரிடம் போய் உங்கள் வீட்டை இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் போடுவது, பணம் கொடுக்க வேண்டிய நாள் வருவதற்குள் அந்த ஒப்பந்தத்தையே கையில் காசு வைத்திருக்கும் இன்னொருவருக்கு அதிக விலைக்குக் கைமாற்றுவது, நடுவில் நிற்கும் தொகை நமக்கு. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அதாவது ஒனக்குச் சொந்தமில்லாத வீட்ட, ஒன்கிட்ட இல்லாத காசுல வாங்கி, அடுத்தவனுக்கு விக்கிற. இதுக்கு எதுக்குடி காலேஜ்ல படிச்ச?" என்றாள். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

உன்னைக் குறை சொல்லவில்லை க்வின், இந்த யோசனையை உன் தலையில் போட்டதே நான்தான். பதினொரு வருடம் பத்திர அலுவலகத்தில் அந்த நீள மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வீடு விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பளபளக்கிற ஷூ போட்டுக்கொண்டு ஒரு பையன் கடைசியில் வருவான், வீட்டை வாங்கியிருக்கவும் மாட்டான், விற்றிருக்கவும் மாட்டான், பத்தாயிரத்துக்குச் செக் வாங்கிக்கொண்டு போவான். நவம்பரில் எனக்கு வேலை போனபோது உன்னிடம் போனில் அதைத்தான் சொல்லிப் புலம்பினேன். நீ ஜனவரி லீவில் வந்ததும் சமையலறை மேஜையில் ஒரு நோட்டை விரித்து, அம்மா, நீ நாலாயிரத்துக்கு மேல் ஒரு காசு போடக்கூடாது, அந்த நாலாயிரமும் நான் தருகிறேன், லாபத்தில் பாதிப் பாதி என்றாய். கம்பெனி பதிவு, வங்கிக் கணக்கு முந்நூற்று இருபத்தைந்து. ஒப்பந்தப் படிவத்தை வக்கீல் ஒருமுறை பார்க்க முந்நூற்று ஐம்பது. வரி பாக்கி விழுந்த வீடுகள், பூட்டிக் கிடக்கும் வீடுகள் என்று பட்டியல் விற்கிறார்களே, அதற்கு நூற்றைம்பது. தாள், உறை, தபால்தலை நானூற்று எண்பது. பெட்ரோல் அறுநூறு. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் முன்பணம் நூறு வீதம் ஐந்துக்கு ஐந்நூறு. இப்படி எழுதிக்கொண்டே போய்க் கடைசியில் ஆயிரத்து இருநூற்று ஐம்பதை ஒரு கட்டத்துக்குள் போட்டு, என்னைக் கேட்காமல் இதைத் தொடாதே என்று எழுதினாய்.

அதைத் தொட்டுவிட்டேன். மூன்று முறை தொட்டேன். முதல் தடவை, விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு என்று முந்நூற்றுத் தொண்ணூற்று ஏழு கட்டினேன். மைக் பிடித்த ஒரு ஆள் எங்களை எழுந்து நிற்கவைத்து, நான் பணக்காரி என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லச் சொன்னான், என் பக்கத்தில் இருந்தவள் வகுப்புக்குக் கட்டக் கடன் வாங்கியவள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டோம். இரண்டாவது, விளம்பரப் பலகைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகராட்சிக்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகு மின்கம்பத்தில் அடித்து ஞாயிற்றுக்கிழமை மாலை கழற்றிவிட வேண்டும், இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அந்த ஞாயிறு சளிக் காய்ச்சல், மூன்று பலகையைக் கழற்றாமல் விட்டேன், திங்கட்கிழமை காலை நகராட்சிக்காரி பலகையிலிருந்த எண்ணுக்கே போன் செய்து மிகவும் மரியாதையாகப் பேசினாள், நூற்றைம்பது அபராதம். மூன்றாவது காரின் பிரேக், அதில் என்னைத் திட்டமாட்டாய். இன்றைக்கு எல்லாம் போக மிச்சம் ஆயிரத்து மூன்று டாலர். இடையில் தற்காலிகமாகக் கிடைத்த வரிக்கணக்கு எழுதும் வேலையும் ஏப்ரல் பாதியோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு சம்பளம் என்று ஒன்றும் வரவில்லை. இதையெல்லாம் உனக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

கடிதங்களைப் பற்றிச் சொல்கிறேன், விஷயம் அதில்தான் இருக்கிறது. மஞ்சள் நிறக் கோடு போட்ட தாளில், கையால் எழுதினாற்போல, உங்கள் வீட்டைக் கடந்து போனேன், பிடித்திருந்தது, வாங்க விருப்பம் என்று நாலு வரி. அச்சுக்கடையில் கொடுத்தால் கையெழுத்து மாதிரியே அச்சடித்துத் தருவான், ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல். நான் உண்மையிலேயே கையால் எழுதிக் காசை மிச்சம் பிடித்தேன். முதல் சுற்று இருநூறு. ஐம்பது எழுதுவதற்குள் ஒரே நாலு வரியை எழுதி எழுதி எனக்கே அருவருப்பாகிவிட்டது, அதனால் அந்தந்த வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, உண்மையில் என்ன பார்த்தேனோ அதை ஒரு வரி சேர்த்தேன். நீல நிறக் கதவு, சாய்ந்த தபால் பெட்டி, அப்படி. சில வீடுகளில் அதற்கு மேலும் ஒரு வரி. இருநூறுக்கு ஐந்து பேர் போன் செய்தார்கள். ஒரு அம்மாள் என் கூரை ஒழுகுவதை உனக்கு யார் சொன்னது என்று சண்டைக்கு வந்தாள். ஒருவர் கடிதத்தைத் திருப்பி அனுப்பி, அடியில், எனக்கும் உங்கள் வீடு பிடித்திருக்கிறது, விலை சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார், அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறேன். இரண்டாவது சுற்று இருநூறு ஏப்ரல் கடைசியில் போட்டேன். அதில் ஒன்றுக்குத்தான் கார்னெல் ஹேவுட் என்பவர் கூப்பிட்டார்.

கார்னெல் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நகரப் பேருந்து டிப்போவில் மெக்கானிக். ஊருக்கு வடக்கே ஃப்ரேசர் பகுதியில் அவர் அம்மா இருந்த வீடு, அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு வீட்டுக்கும் வரி கட்ட முடியவில்லை, விற்றுவிடலாம் என்று இருக்கிறார். இரண்டு வீடு என்றேன் அல்லவா, இன்னொன்று அவர் குடியிருக்கும் வீடு, அது இதை ஒட்டினாற்போல அடுத்தது. நடுவில் வேலிகூட இல்லை. அம்மா வீட்டின் முன்னால் ஒரு பெக்கான் மரம், பெரிய மரம், வாசல் முழுக்க நிழல். கடிதத்தில் எழுதியிருந்தேன்: என் மகன் கடற்படையில் இருக்கிறான், அவன் திரும்பி வந்ததும் இந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவதை என்னால் பார்க்க முடிகிறது. முதல் தடவை போனபோது அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஐம்பத்திரண்டாயிரம் என்றேன். தரையைப் பார்த்து யோசித்துவிட்டுச் சரி என்றார். மே ஒன்பதாம் தேதி கையெழுத்து. வீட்டைச் சோதித்துப் பார்க்க எனக்கு மூன்று வாரம், அதற்குள் வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம், முன்பணம் நூறு அவருக்கு. விலகாவிட்டால் ஜூன் இருபதுக்குள் யாராவது முழுப் பணமும் கட்டியாக வேண்டும். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றலாம் என்கிற வரியை விரல் வைத்துக் காட்டினேன், அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, நீங்கள் குடிவந்த பிறகு இந்தக் குழாயை மாற்றிக்கொள்ளலாம் என்றார். நான் அதைத் திருத்தவில்லை. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை, அந்த மேஜையில் பதினொரு வருடம் உட்கார்ந்தவள் சொல்கிறேன். திருத்தவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரமே வாங்குகிற ஆள் கிடைத்துவிட்டார். டேல் ப்ரூயிட், நாற்பது வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார், எந்நேரமும் வேர்க்கடலை மென்றுகொண்டிருப்பார், ஓட்டைப் பிரிக்காமல் அப்படியே போட்டுக்கொள்வார். வீட்டுக்குள் ஏழு நிமிடம் சுற்றினார். அறுபத்தோராயிரம் தருகிறேன் என்றார். கணக்குப் போட உனக்குச் சொல்லித்தர வேண்டாம், ஒன்பதாயிரம் நமக்கு. காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷத்தில்தான். நாலாயிரத்து ஐந்நூறு உனக்கு, நாலாயிரத்து ஐந்நூறு எனக்கு, ஆறு மாத வாடகை. அன்றைக்கே முடித்திருந்தால் உனக்கு இப்போது எழுதுவது வேறு மாதிரிக் கடிதமாக இருந்திருக்கும். அவர் வங்கிப் பணம் வருவதற்கு இந்த வாரம் வரை கேட்டார்.

அதற்குள் நான் வீட்டைப் பார்க்கும் சாக்கில் மூன்று நான்கு தடவை போனேன், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று செய்து வைத்திருந்தார் கார்னெல். புல்லை வெட்டியிருந்தார். வாசல் கைப்பிடிக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தார். உங்கள் மகனுக்குக் கூடைப்பந்து பிடிக்குமா, என் பக்கத்துக் கொட்டகையில் வளையம் இருக்கிறது, நான் இப்போது ஆடுவதில்லை என்றார். அம்மாவின் சாப்பாட்டு மேஜையை உள்ளேயே விட்டுவிடுகிறேன், நீங்கள் புதிதாக வாங்க வேண்டாம் என்றார். நான் நன்றி என்றேன். என்ன சொல்ல முடியும். போன திங்கட்கிழமை, படைவீரர் நினைவுநாள் விடுமுறைக்கு இறைச்சி சுட அடுப்பு போடுகிறேன், வந்துவிட்டுப் போங்கள் என்றார், போனேன். பன்றி விலா நன்றாகச் சுட்டிருந்தார், கீரையை மட்டும் கடையில் வாங்கியதாக ஒப்புக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே பின்தெரு வீட்டைக் காட்டினார். அதை வாடகைக்கு விடுகிற ஒருவர் வாங்கி இரண்டு வருடத்தில் மூன்று குடித்தனம் மாற்றியிருக்கிறார், கடைசியாகப் போனவர்கள் மெத்தையையும் குப்பையையும் வேலிமேல் போட்டுவிட்டுப் போனார்கள், உரிமையாளர் போனையே எடுப்பதில்லை, கார்னெலே தன் வண்டியில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்டினாராம். அதனால்தான் மார்ச்சில் ஒருவன் ஐம்பத்தெட்டாயிரம் தருகிறேன் என்று வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வாடகைக்கு விடுகிறவன் என்று முகத்திலேயே தெரிந்தது என்றார். என் தட்டைப் பார்த்து, இன்னும் ஒரு துண்டு போடட்டுமா என்று கேட்டார்.

ஐம்பத்தெட்டு, க்வின். எனக்கு ஐம்பத்திரண்டுக்குக் கொடுத்திருக்கிறார். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரப் போகிற ஒருவனுக்காகவும் அவன் அம்மாவுக்காகவும் ஆறாயிரத்தை விட்டிருக்கிறார். நான் திறமையாகப் பேரம் பேசினேன் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வேலை முடிந்து வரும் நேரத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வாசலில் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் இந்த வீட்டில் குடிவரப் போவதில்லை, வாங்கும் பணம் என்னிடம் என்றைக்குமே இருந்ததில்லை, இந்த ஒப்பந்தத்தை வாடகைக்கு விடுகிற ஒருவருக்கு விற்பதுதான் என் தொழில் என்று நின்றபடியே சொன்னேன். குழாயை மூடினார். ஹோஸை முழுக்கச் சுருட்டிக் கொக்கியில் மாட்டினார். பிறகு, "அப்ப அந்தக் கடுதாசி?" என்றார். மரத்தைப் பற்றி எழுதியது நிஜம் என்றேன். "மரத்தக் கேக்கல, மிஸ் ரொஷெல். மகனக் கேட்டேன்." மகனும் நிஜம்தான், கடற்படையில்தான் இருக்கிறான் என்றேன். "நீங்க அவன எங்கம்மா வீட்டு மரத்தடில ஒக்கார வச்சிருக்கறது அவனுக்குத் தெரியுமா?" அதில் எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டார், ஒன்பதாயிரம் என்றேன். பொய் சொல்லும் நேரம் போய்விட்டது. அவர் சிரித்தார், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பக்கத்துல ஒரு நல்ல மனுஷி வருவாங்கன்னு நான் ஆறாயிரம் விட்டேன். நீங்க அதே மனுஷிய வித்து ஒம்பதாயிரம் எடுக்கறீங்க. நல்ல தொழில்தான்." ஒப்பந்தத்தை விட்டுவிடச் சொல்லிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் காகிதம் உங்கள் கையில் இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டவன், கெஞ்ச மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ப்ரூயிட் இன்றைக்கு மட்டும் நாலு தடவை போன் செய்துவிட்டார். பணம் வந்துவிட்டதாம், நாளை காலை பத்து மணிக்கு அவர் அலுவலகத்தில் கைமாற்றுக் காகிதம் தயாராக இருக்கும். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உன் நாலாயிரம் என்பது வெறும் எண் இல்லை, எட்டு மாதம் தரையைத் தொடாமல் நீ சேர்த்தது, அதைக் காப்பாற்றாமல் யாரோ ஒருவருக்கு நல்லவளாக இருக்க எனக்கு என்ன உரிமை என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே ஒன்பதாயிரத்தை எடுத்துக்கொள்ள ஒரு வழி தேடுவதுதானோ என்று இன்னொரு பக்கம். சித்தியைக் கேட்டேன். வாடகை கட்டு, அப்புறம் யோக்கியமாக இரு என்றாள். இதை இப்படியே மூடிவைக்கிறேன். நாளைக்குப் பிறகு எழுதுகிறேன்.

மே 31, சனிக்கிழமை

நேற்று பத்து மணிக்குப் போனேன் க்வின், கையெழுத்துப் போடத்தான் போனேன், அதை உனக்கு மறைக்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். காகிதம் மேஜையில் இருந்தது, செக் ஒரு உறையில் அதன்மேல் இருந்தது. ப்ரூயிட் வீட்டை முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டாகத் தடுத்து இரண்டு குடித்தனம் வைக்கப் போவதாகச் சொன்னார், மரத்தின் வேர் சாக்கடைக் குழாயைத் தூக்குகிறது, அதை முதலில் எடுக்க வேண்டும் என்றார். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தேன், கேட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தேன். அப்போது அவர் இழுப்பறையிலிருந்து என் மஞ்சள் கடிதத்தின் நகலை எடுத்தார். ஒப்பந்தத்தோடு மற்ற காகிதங்களைக் கொடுத்தபோது அதுவும் போயிருக்கிறது. கடலை ஓட்டைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "இருபத்திரெண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இந்த மாதிரி ஒரு கடுதாசி பாத்ததில்ல. எனக்கு ஆயிரம் எழுதிக் குடுங்க, ஒண்ணுக்கு அஞ்சு டாலர். மரம் இல்லாத வீடா இருந்தா வாசப்படின்னு போடுங்க. ஆனா பையன மட்டும் எடுத்துடாதீங்க. பையன் நல்லா வேல செய்றான்."

அவர் கெட்டவர் இல்லை. பாராட்டாகத்தான் சொன்னார். நான் செய்ததை அப்படியே திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

இங்கேதான் வியாழக்கிழமை உனக்கு எழுதாமல் விட்டது வருகிறது. முதல் சுற்றில் ஐந்து பேர் போன் செய்தார்கள் என்றேனே, அதில் மூன்று பேர் நீ இருந்த கடிதங்கள் போனவர்கள். அந்தச் சுற்றில் ஏழெட்டுக் கடிதத்தில்தான் உன்னைப் பற்றி எழுதியிருந்தேன், அது தானாக வந்தது, அன்றைக்கு உன் நினைப்பாக இருந்தது. ஏழெட்டில் மூன்று என்பதை நான் கவனித்தேன். நோட்டில் குறித்துக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் இருநூறு கடிதத்திலும் உன்னை எழுதினேன். ஊஞ்சல் உள்ள வீட்டில் ஊஞ்சலில், படி உள்ள வீட்டில் படியில், ஒன்றும் இல்லாத வீட்டில் சமையலறை ஜன்னல் பக்கம். கார்னெலுக்குப் போனது அதில் நூற்று முப்பதாவதோ நாற்பதாவதோ. மகனும் நிஜம்தான் என்று அவரிடம் சொன்னபோது என் நாக்கு தடுமாறியது அதனால்தான், அந்த வரியை எழுதும்போது நான் உன்னை நினைக்கவில்லை, எத்தனை உறை பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேனாவை மூடினேன். எனக்கு இந்தக் கைமாற்று வேண்டாம் என்றேன். ப்ரூயிட் முதலில் விலை ஏற்றுகிறேன் என்று நினைத்து அறுபத்திரண்டு என்றார், பிறகு அறுபத்திரண்டரை. இல்லை என்றதும் உறையை எடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டார். "மிஸ் ரொஷெல், நீங்க சர்ச்சுல பாத்திரம் கழுவப் போங்க, அங்க யாரும் கையெழுத்து கேக்க மாட்டாங்க" என்றார். காருக்கு வந்து விலகும் படிவத்தை நிரப்பினேன். மாலை நாலு மணிக்கு கார்னெல் வந்ததும் கொடுத்தேன். கதவைத் திறந்து, வலைக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்று, எழுத்து எழுத்தாகப் படித்தார். தேதியைச் சரிபார்த்தார். அந்த நூறு டாலர் இனி எனக்குத்தானே என்றார், உங்களுக்குத்தான் என்றேன். தலையாட்டினார். உள்ளே வரச் சொல்லவில்லை, சொல்லுவார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் என்பது கதவு சாத்திய பிறகு தெரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றதை அவர் கேட்டாரா என்று தெரியாது. அவர் இனி அந்த வீட்டை யாருக்கு விற்பார், ப்ரூயிட்டே நேராகப் போய்க் கேட்பாரோ, அதுவும் தெரியாது. ஒருவேளை நான் ஒன்றையும் காப்பாற்றவில்லை, உன் பணத்தை மட்டும் இழந்திருக்கிறேன்.

ஒன்பதாயிரத்தில் பாதி உன்னுடையது. என் பாதியை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை உண்டு, உன் பாதியை விட்டுக்கொடுக்க இல்லை. அதனால் நீ போட்ட நாலாயிரத்தையாவது நான் உனக்குத் திருப்ப வேண்டும். மிச்சமிருக்கும் ஆயிரத்து மூன்றை உன் கணக்கில் திங்கட்கிழமை போட்டுவிடுகிறேன், மற்றதை மாதாமாதம். ஜெர்மன்டவுன் பக்கம் ஒரு பத்திர அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமை நேர்முகம் இருக்கிறது, பழைய சம்பளம் இல்லை, ஆனால் சம்பளம். மூன்றாவது சுற்றுக்கு வாங்கிய இருநூறு தபால்தலை அப்படியே இருக்கிறது. நீ இந்தத் தொழிலைத் தொடரலாம் என்று சொன்னால், நான் யார், என்ன செய்கிறேன், எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முதல் வரியிலேயே எழுதும் ஒரு கடிதத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். முடிவை நீ சொல், இந்தத் தடவை உனக்காகக் காத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதற்குத்தான் இரண்டு தாள் கிழித்தேன் போலிருக்கிறது. கார்னெலிடம் மன்னிப்புக் கேட்டேன், உன்னிடம் கேட்கவில்லை. நீ அங்கே இரும்புத் தளத்தில் வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போது உன்னைக் கேட்காமல் இருநூறு வீட்டு வாசலில் உன்னை நிற்கவைத்திருக்கிறேன். அம்மா செய்தது தப்பு. மன்னித்துக்கொள்.

கடவுள் உன் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் காவல் நிற்கட்டும், நீ தொட்டதெல்லாம் நேராக அமையட்டும், நல்ல சிநேகிதர்கள் கூட இருக்கட்டும். கடைவாய்ப் பல்லைக் கப்பல் டாக்டரிடம் காட்டினாயா இல்லையா என்று கட்டாயம் எழுது. கோபம் வந்தால் ஆறட்டும் என்று காத்திருக்காதே, கோபத்தோடேயே எழுதி அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடு, ஆறிப்போன கடிதத்தைவிட எனக்கு அதுதான் வேண்டும்.

உன் அன்பு அம்மா,
ரொஷெல் டாட்சன்